ஐந்தாவது தலைவரின் வலது கால்

செல்வநாயகிக்கு மாலை போட்டபோது, முந்தைய தலைவரின் ரத்தம் நாற்காலியின் கைப்பிடியில் இன்னும் முழுதாகத் துடைக்கப்படவில்லை. நான்காவது தலைவர் போன பந்தயத்தின் கடைசிச் சுற்றில் தன் நாக்கைத் தானே கடித்துத் துண்டாக்கிக்கொண்டவர். துண்டைத் தரையில் தேடி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அவரோடு சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒட்டுப் போட்டார்களா என்று விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. மறுநாள் காலையிலேயே 'நொய்யல் வேகம்' அணியின் ஐந்தாவது தலைவர் என்று செல்வநாயகியின் படம் அவிநாசி சாலை முழுக்கத் தட்டியில் ஏறிவிட்டது.

ஒரே பருவத்தில் ஐந்து தலைவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசியக் கோப்பையைத் தூக்கிய அணி இப்போது பட்டியலில் கடைசி. "காருல ஒரு குறையும் இல்லீங்க, தலைமைலதான் குறை" என்று பேட்டிக்குப் பேட்டி சொல்லிக்கொண்டிருந்தார் முதலாளி குழந்தைவேல். அணியை வாங்கியவர் அவர். காரைக் கட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் அவர். பந்தயம் முழுக்க ஓட்டுநரின் காதில் பேசுகிறவரும் அவரே. ஆனால் அவருடைய பதவியின் பெயர் ஆலோசகர்.

ஏன் இந்த அடக்கம் என்றால், தலைவராக இருக்கிறவர் கழுத்தில் வலிவாங்கியை மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஓட்டுநரின் பிடரித் தோலுக்கடியில் நெல்மணி அளவில் ஒரு வலிக்கடத்தி இருக்கும். உடம்பில் கிளம்பும் வலி மூளைக்கு ஏறுமுன் அது வழிமறித்து வெளியே அனுப்பிவிடும். வலி தெரியாத ஓட்டுநர் வளைவுகளில் கழுத்து ஒடிவதையும் விலா நசுங்குவதையும் பொருட்படுத்தாமல் சுற்றுக்கு ஒன்றரை வினாடி வேகமாக ஓட்டுவார். சிக்கல் ஒன்றுதான். வெளியே வந்த வலியை வாங்கிக்கொள்ள இன்னொரு நரம்பு வேண்டும். இயந்திரத்தில் கொட்டிப் பார்த்தார்கள், பன்றியில் கொட்டிப் பார்த்தார்கள். நான்கே வினாடியில் வலி கிளம்பி உரியவரிடமே திரும்பி வந்தது. மனிதக் கழுத்து மட்டும்தான், அதுவும் நினைவு தப்பாதவரைதான், அதைப் பிடித்து வைத்துக்கொண்டது.

பந்தயப் பேரவையில் இருந்த நல்லவர்கள் கூடி உட்கார்ந்து ஒரு விதி போட்டார்கள். ஏழை பாழைகளைக் கூலிக்குப் பிடித்து அவர்கள் மேல் வலியைக் கொட்டக் கூடாது. வலிவாங்கியை அணித்தலைவர் மட்டுமே அணியலாம். வேகமாகப் போ என்று உத்தரவிடுகிறவரே அந்த வேகத்தின் வலியையும் வாங்கட்டும், தானாக அடங்குவார் என்று அவர்கள் நினைத்தார்கள். அழகான விதிதான். முதலாளிகள் அதைப் படித்து முடித்த இரண்டே வாரத்தில் ஏழை பாழைகளைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள்.

செல்வநாயகி கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் இருபது வருஷம் இரும்பு வார்க்க மண்ணச்சு எடுத்தவள். உருக்கிய இரும்பு புறங்காலில் தெறித்து, செருப்போடு சதை ஒட்டிக்கொண்டபோதும் கையில் இருந்த அச்சை முடித்து வைத்துவிட்டு டாக்டரிடம் நடந்தே போனவள் என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அது பாதிதான் உண்மை. நடந்துதான் போனாள், ஆனால் வழி நெடுக அழுதுகொண்டே போனாள். அச்சு எடுக்க இயந்திரக் கைகள் வந்து அவளுக்கு வேலை போன எட்டாம் மாதம், அணியின் ஆட்கள் வலி தாங்கும் அளவைக் காட்டும் வலிமானியைத் தூக்கிக்கொண்டு தொழிற்பேட்டைகளைச் சுற்றினார்கள். மானியின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டது அவள் கையில் மட்டும்தான்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. உக்காந்திருந்தாப் போதும்" என்றார் குழந்தைவேல். "தலைவர்னு பேரு வேற."

பொங்கலூர் ஓடுதளத்தில் வெள்ளிக்கிழமை பயிற்சி. காருக்குள் ஏறும் முன் ஓட்டுநர் நவிலன் அவளைத் தேடி வந்தான். இருபத்துநான்கு வயது, சிரித்தால் ஒரு கன்னம் மட்டும் குழியும்.

"அக்கா, முன்னாடியே மன்னிச்சுக்கோங்க. நான் கொஞ்சம் மொரட்டுத்தனமா ஓட்டுவேனுங்க" என்று சொல்லி, ரப்பரில் செய்த பல்லுறை ஒன்றை அவள் கையில் வைத்தான். "நாக்கு பத்திரமுங்க்கா."

மாலை போட்டவர்கள், படம் எடுத்தவர்கள், கைகுலுக்கியவர்கள் அத்தனை பேரில் அவள் நாக்கைப் பற்றி நினைத்தவன் அவன் ஒருவன்தான். அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போனது.

கார் கிளம்பியதும் வலி வந்தது. முதலில் கழுத்து. பிறகு தோள்பட்டை, விலா, இடுப்பு. வளைவுக்கு வளைவு யாரோ அவளைப் பிடித்துச் சுவரில் அறைவது போலிருந்தது. அதையெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள், தாங்கினாள். எதிர்பாராதது வலது கால். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் முழங்காலுக்குக் கீழே ஒரு நடுக்க வலி ஏறியது. அது மிதிக்கிற பளுவின் வலி இல்லை. சுத்தியலால் தட்டினால் நல்ல வார்ப்பு மணியாக ஒலிக்கும், உள்ளே பொத்தல் உள்ள வார்ப்பு சொத்தையாக அதிரும். இருபது வருஷம் கையால் தட்டித் தெரிந்துகொண்ட அந்தச் சொத்தை அதிர்வை இப்போது அவள் கால் எலும்பு கேட்டது.

பயிற்சி முடிந்து வலிவாங்கியைக் கழற்றியதும் நொண்டிக்கொண்டே பொறியாளர் லோகேஸ்வரனிடம் போனாள்.

"ஏனுங் தம்பி, அந்த பிரேக் பெடலு வார்ப்புதானுங்களே?"

"ஆமாங்க. ஏனுங்க?"

"அதோட தண்டுக்குள்ள காத்துக்குமிழி இருக்குது. மிதிக்க மிதிக்க வெடிப்பு விரிஞ்சுட்டு வருது. கழட்டிப் பாருங்க."

லோகேஸ்வரன் காரைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்தான். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஓட்டுநரிடம் கேட்க அதில் இருபது கேள்விகள் உண்டு. ஏழாவது கேள்வி, உடம்பில் எங்காவது வலி, அதிர்வு, உறுத்தல் தெரிகிறதா என்பது. பருவம் முழுக்க நவிலன் அதற்கு 'இல்லை' என்றே எழுதியிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை.

"ஓட்டறவரே ஒண்ணும் இல்லைங்கறாருங்களே."

"அவனுக்கு எப்படித் தெரியும்? வலி என்றகிட்டயல்ல வருது!"

"தலைவர்கிட்டக் கேக்கறதுக்குப் படிவம் இல்லீங்க" என்றான் லோகேஸ்வரன். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னான்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. முன்னால் இருந்த நான்கு தலைவர்களுக்கும் இதே கால் வலித்திருக்கும். நான்கு பேரும் கத்தியிருப்பார்கள். கத்தியதெல்லாம் தலைவரின் பலவீனம் என்று குறிக்கப்பட்டிருக்கும். அவர்கள் மயங்கி விழ, வலி பாதி வளைவில் நவிலன் மேல் திரும்பி இறங்க, கார் சுவரில் மோதியிருக்கும். அணி பின்னுக்குப் போகப் போகத் தலைவரை மாற்றினார்களே தவிர, பெடலை யாரும் மாற்றவில்லை.

குழந்தைவேலிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"பவுண்டரி ஞாபகம் இன்னும் போகலீங்களாட்டிருக்குது. போன தலைவரும் கால், கால்னுதான் சொல்லிட்டிருந்தாரு. பயம் வந்துட்டா எல்லாத்துக்கும் மொதல்ல கால்தானுங்க நடுங்கும்."

அன்றே மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவள் போனால் ஆறாவதாக ஒருத்தர் வருவார். அவருக்கு வார்ப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. பல்லுறை கொடுத்த பையன் சொத்தைப் பெடலை மிதித்துக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவான். அவள் போகவில்லை.

ஞாயிறு உச்சி வெயிலில் பந்தயம் தொடங்கியது. நாற்பது சுற்று. தலைமை இருக்கைக்கு முன்னால் பளபளவென்று ஒரு ஒலிவாங்கி இருந்தது. கேமராக்களுக்காக வைத்தது. வலிவாங்கியின் கொக்கி மூடியதும், அதை மாட்டியிருப்பவரின் பேச்சுத் தொடர்பு தானாக அறுந்துவிடும். தலைவரின் அலறல் ஓட்டுநரின் கவனத்தைக் கெடுக்கிறது என்று முதல் வருஷமே எல்லா அணிகளும் செய்துகொண்ட ஏற்பாடு அது.

செல்வநாயகி மயங்கவில்லை. மயங்காத தலைவர் கிடைத்ததும் கார் பறந்தது. பத்தாவது சுற்றில் பன்னிரண்டாம் இடம், இருபதாவது சுற்றில் ஆறாம் இடம். பார்வையாளர் மாடம் எழுந்து நின்று கத்தியது. "தலைமைன்னா இப்படியில்ல இருக்கோணும்!" என்று குழந்தைவேல் அவள் தோளில் தட்டினார். அவள் விலாவில் ஏற்கெனவே நவிலனின் விலா வலித்துக்கொண்டிருந்தது. தட்டியது அவளுக்குத் தெரியவே இல்லை.

இருபத்தேழாவது சுற்றில் பெடல் முறிந்தது.

பெடலின் பட்டை கழன்று விழ, காலின் முழு பலமும் முறிந்த தண்டின் மேல் இறங்கியது. நவிலனின் கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டாக உடைந்தது. செல்வநாயகிக்கு அந்தச் சத்தம் பல்லுக்குள் கேட்டது. பல்லுறை பிய்ந்து வாயில் துண்டு துண்டாக வந்தது.

குழந்தைவேலின் காதில் நவிலனின் குரல் உற்சாகமாக இருந்தது. "பெடலு கொஞ்சம் நழுவுதுங்க ஐயா. குதிகாலால அமுத்திச் சமாளிச்சுக்கறேன்."

"விடாத. மூணாவது இடம் கைக்கெட்டற தூரத்துல இருக்குது!"

அவன் சமாளித்தான். ஒவ்வொரு முறை சமாளித்தபோதும் முறிந்த தண்டின் கூர்முனை அவன் கெண்டைக்காலுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. வளைவுக்கு ஒரு குத்து. சுற்றுக்குப் பதினான்கு வளைவு. செல்வநாயகி நாற்காலியின் கைப்பிடியைப் பிய்த்துவிடுவது போலப் பிடித்துக்கொண்டு அலறினாள். லோகேஸ்வரன் காதடைப்பை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டான். தலைவர்கள் அலறுவது வழக்கம்தான்.

முப்பதாவது சுற்றில் வலி குறையத் தொடங்கியது. முதலில் விரல்களில், பிறகு பாதத்தில். அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. இரும்பு தெறித்த அன்றும் சதை செத்துப்போன இடத்தில் மட்டும்தான் அவளுக்கு வலிக்காமல் இருந்தது. அவன் காலில் ரத்தம் ஓடவில்லை. எல்லாம் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது.

"செத்துருவான்! நிறுத்தச் சொல்லுங்க, செத்துருவான்!" என்று கத்தினாள். லோகேஸ்வரன் திரும்பி முதலாளியைப் பார்த்தான். முதலாளி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் ஆட்டினார்.

வலிவாங்கியைக் கழற்றி வீசினால் நான்கு வினாடியில் அத்தனை வலியும் நவிலன் மேல் விழும். கார் நேர்ச்சாலையில் இருநூற்றுத் தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தது. அந்த நான்கு வினாடிக்குள் இன்னொரு கழுத்து வேண்டும், அதுவும் பேச்சு செல்லுபடியாகிற ஆளின் கழுத்து. செல்வநாயகி எழுந்தாள். இடது கையால் கொக்கியைத் திறந்தாள். வலது கையால் குழந்தைவேலின் பின்னந்தலையைப் பிடித்து மேசை விளிம்பில் ஓங்கி அறைந்தாள். மூக்கெலும்பு நொறுங்கியது. அவர் நிமிர்வதற்குள் வலிவாங்கியை அவர் கழுத்தில் சுற்றிக் கொக்கியைப் போட்டுவிட்டாள்.

மேலே இருந்த மின்பலகையில் எழுத்து தானாக மாறியது. 'நொய்யல் வேகம். அணித்தலைவர்: குழந்தைவேல்.'

ஆறாவது தலைவர் தரையில் விழுந்தார். வலது காலைக் கட்டிக்கொண்டு புழுவாய்த் துடித்தார். அவர் வாயிலிருந்து முதலில் வந்தது சொல்லே இல்லை. அப்புறம்தான் சொல் வந்தது. "நிறுத்து! டேய், நிறுத்துடா! வண்டிய நிறுத்துடா!"

நவிலனுக்கு அது கேட்கவில்லை. கொக்கி மூடியதுமே அவர் பேச்சுத் தொடர்பு அறுந்துபோயிருந்தது. லோகேஸ்வரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் கை மட்டும் பழக்கதோஷத்தில் காதடைப்பைத் தேடியது. செல்வநாயகி அவன் தலையிலிருந்த ஹெட்செட்டைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணு, நான் செல்வநாயகி பேசறேன்."

"அக்கா? நீங்க எப்படீங்க பேசறீங்க? அப்ப யாரு மாட்டியிருக்கறாங்க?"

"அது கெடக்குது. உன்ற கால் ஒடைஞ்சிருக்குது, ரத்தம் போயிட்டிருக்குது. ஓரங்கட்டி நிறுத்து சாமி."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க்கா. வலிக்கவே இல்லை."

"வலிக்காது கண்ணு, உனக்கு வலிக்காது! கையக் கீழ கொண்டு போயி முழங்காலுக்கு அடியில தொட்டுப் பாரு."

நேர்ச்சாலையில் அவன் ஒரு கையைக் கீழே இறக்கித் தொட்டுப் பார்ப்பது திரையில் தெரிந்தது. கையுறையைக் கண்ணெதிரே தூக்கிப் பார்த்தான். மணிக்கட்டு வரை சிவப்பு.

"எண்ணெய் ஒழுகுதாட்டிருக்குதுங்க்கா. லோகு அண்ணன்கிட்டச் சொல்லிருங்க. இன்னும் பத்துச் சுத்துதான, தாங்கிரும்."

அவன் சாவு அவனைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சொல்லி அவனைப் புரியவைக்க முடியாது. அவனை நிறுத்தக்கூடியது ஒன்றுதான், அது இப்போது குழந்தைவேலின் கழுத்தில் இருந்தது.

குழந்தைவேல் அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் கொக்கியைப் பிறாண்டிக்கொண்டிருந்தார். இந்த வேகத்தில் கழற்றினால் பையன் கூழாகிவிடுவான். செல்வநாயகி பாய்ந்து அவர் மார்பின் மேல் உட்கார்ந்து மணிக்கட்டுகளைத் தரையோடு அழுத்தினாள். அவர் அவள் முன்கையைக் கடித்தார். சதை பிய்ந்தது. அவள் பிடியை விடவில்லை. கொக்கிக்குள் நுழைந்துவிட்ட அவர் சுட்டுவிரலைப் பின்னால் மடக்கி ஒடித்தாள். அணியின் பிட் கொட்டகை முழுக்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. இரண்டு காவலர்கள் அவள் முடியைப் பிடித்து இழுத்தார்கள்.

"சித்தே பொறுங்க! கொண்டையூசி வரட்டும்!" என்று கத்தினாள். யாருக்கும் அர்த்தம் புரியவில்லை.

ஓடுதளத்தின் கோடியில் ஒரு கொண்டையூசி வளைவு. அங்கே மட்டும் எந்தக் காரும் அறுபதுக்கு மேல் போக முடியாது, சுற்றிலும் மணல் படுகை. அவள் திரையில் நகரும் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தோராம் சுற்று. காவலன் ஒருவன் தடியால் அவள் தோளில் அடித்தான், மறுபடி அடித்தான். புள்ளி வேகம் குறைந்து வளைவை நெருங்கியது. வளைவுக்கு நான்கு வினாடி இருக்கும்போது கொக்கியைத் திறந்தாள்.

குழந்தைவேலின் அலறல் சட்டென்று நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ணினாள். ஹெட்செட்டுக்குள் நவிலனின் அலறல் தொடங்கியது. அத்தனை நேரம் வேறு ஆட்கள் தாங்கியதெல்லாம் ஒரே மூச்சில் அவன் மேல் இறங்கியது. அப்படி ஒரு குரலை அவள் பவுண்டரியில்கூடக் கேட்டதில்லை. கார் சறுக்கி, மணலில் இறங்கி, ஒருமுறை சுழன்று நின்றது. மருத்துவ வண்டி ஓடியது. தன்னை யார் அடிக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் செல்வநாயகி தரையில் உட்கார்ந்து அழுதாள். பிழைத்துவிட்டான் என்ற அழுகை அது.

அவன் பிழைத்தான். முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் உயிர் இருந்திருக்காது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் பேரவையில் விசாரணை நடந்தது. அணியின் வக்கீல் விதிப்புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். காயம் என்பது ஓட்டுநரின் வலிப்பதிவேட்டில் பதிவாகும் நிகழ்வு. பிறகு பதிவேட்டைத் திரையில் போட்டார். முதல் சுற்றிலிருந்து முப்பதாம் சுற்று வரை சுழியம். முப்பத்தொன்றில் கோடு செங்குத்தாக மேலே ஏறியது. அந்தக் கோடு ஏறிய வினாடியில் கொக்கியைத் திறந்தது யார் என்று வக்கீல் கேட்டார். அவள்தான் திறந்தாள் என்பதை அவளே ஒப்புக்கொண்டாள்.

மருத்துவரின் தாளை உறுப்பினர்கள் மரியாதையாக வாங்கிப் பார்த்தார்கள். பந்தயத்துக்குள் நடந்ததைப் பந்தய விதிப்படிதான் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார்கள்.

"நீங்களும் கொஞ்ச நேரம் மாட்டியிருந்தீங்க. அப்ப என்ன உணர்ந்தீங்க?" என்று குழந்தைவேலிடம் ஒருவர் கேட்டார். மூக்கில் கட்டும் விரலில் கட்டுமாக எழுந்து நின்ற குழந்தைவேல், "அடிபட்ட மயக்கத்துல ஒண்ணும் ஞாபகமில்லீங்க" என்றார். மேசையைப் பிடித்துக்கொண்டு, வலது பாதம் தரையில் படாமல், ஒற்றைக் காலில் நின்றபடிதான் சொன்னார். அதைக் கவனித்தது செல்வநாயகி ஒருத்திதான்.

நவிலன் சக்கர நாற்காலியில் வந்து சாட்சி சொன்னான். கேட்டதற்கெல்லாம் உண்மையே பேசினான். கொக்கி திறக்கும் வரை உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை, அதற்கப்புறம்தான் கால் போயிற்று என்றான்.

ஓட்டுநருக்குக் காயம் விளைவித்த குற்றத்துக்காகச் செல்வநாயகிக்கு ஆயுள் தடை விதித்தார்கள். கூடவே விதியில் ஒரு திருத்தமும் வந்தது. இனி பந்தயம் முடியும்வரை வலிவாங்கி பூட்டப்பட்டிருக்கும். சாவி ஆலோசகரிடம் இருக்கும்.

வெளி நடையில் நவிலனின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த ஆளைச் செல்வநாயகி நிறுத்தினாள். நவிலனின் முகம் மெலிந்து கறுத்திருந்தது. இல்லாத காலின் பாதம் விடாமல் எரிகிறது என்று சொன்னான். ஓடுதளத்துக்கு வெளியே வலிவாங்க யாரையும் வைத்துக்கொள்ள அவனுக்கு உரிமையில்லை.

"ஏனுங்க்கா அப்படிப் பண்ணுனீங்க?" என்றான். கோபமே இல்லை, குழந்தை கேட்பது போலத்தான் கேட்டான். "உங்களையாட்டம் தாங்கறவங்க யாருமே இல்லீங்க. இன்னும் ஒம்போது சுத்துதான இருந்துச்சு."

"அந்த ஒம்போது சுத்துல நீ செத்திருப்பே, கண்ணு."

அவள் சொன்னதை அவன் நம்பினான் என்றுதான் தோன்றியது.

"செத்திருந்தா எனக்கு வலிச்சிருக்காதுங்களேக்கா" என்றான்.